நடக்கத் தொடங்குமுன் கேட்ட கேள்விகள்

நடக்க ஆசை இருந்தது. பிரஷர் குளிசை போடுகிற உடம்பு தாங்குமா என்ற பயமும் இருந்தது. உடற்பயிற்சி தொடங்குமுன் நிரப்புகிற பார்-கியூ (PAR-Q) என்ற கேள்வித்தாள்தான் வழி காட்டியது. இதய நோய் உண்டா, நெஞ்சு நோகுமா, தலைசுற்றுமா, மூட்டுக் கோளாறா, பிரஷர் குளிசை போடுகிறீர்களா என்று இப்படி 7 கேள்விகள். ஒன்றுக்கு ‘ஓம்’ என்றாலும் முதலில் டொக்டரிடம் போக வேண்டும். எனக்குக் குளிசைக் கேள்வி ‘ஓம்’. கிளினிக் கொப்பியோடு கிளிநொச்சிக்குப் போனேன். பிரஷரை அளந்து பார்த்த டொக்டர், மெதுவாகத் தொடங்கலாம் என்றார்.

சரி, எவ்வளவு வேகம்? கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. இரணைமடுக் குளக்கட்டில் விடியப்புறம் மச்சாளோடு கதைத்துக்கொண்டே நடப்பேன். மூச்சு வாங்கிக் கதை அறுந்தால் வேகத்தைக் குறைப்பேன். வன்னி வெயில் ஏறிய பிறகு நடக்கவே வேண்டாம். பெரியவர்களுக்குச் சொல்லப்படுகிற வாரம் 150 நிமிடம் என்ற இலக்கை ஆறுதலாக எட்டலாம். நெஞ்சு இறுகினால் மட்டும் அந்த இடத்திலேயே நின்று 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.