பண்டிகையில் மிஞ்சிய பீன்ஸில் மொறுமொறு கட்லெட்: முதல்முறை செய்பவர்களுக்கு

விருந்து முடிந்த மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால், பெரிய கிண்ணம் நிறைய வேகவைத்த பீன்ஸ் அப்படியே இருக்கும். ராஜ்மாவோ வெள்ளை பீன்ஸோ கொண்டைக்கடலையோ, எதுவானாலும் அதையே திரும்பத் திரும்பச் சூடாக்கி வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். கட்லெட்டாகப் போட்டுக் கொடுங்கள், தட்டு காலியாகிவிடும்.

முதலில் அந்தக் கிண்ணம் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போயிருந்தால் 3, 4 நாள் வரை பயன்படுத்தலாம். ராத்திரி முழுக்க மேசைமேலேயே இருந்தது என்றால், வாடை நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது.

தேவையானவை: வெந்த பீன்ஸ் 2 கப், வேகவைத்த நடுத்தர உருளைக்கிழங்கு 1, பொடியாக நறுக்கிய வெங்காயம் 1, பிரெட் தூள் அரை கப், மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் அரை டீஸ்பூன் வீதம், கொஞ்சம் கொத்தமல்லித்தழை, எண்ணெய். உப்பை இப்போதே அளக்காதீர்கள், பீன்ஸில் ஏற்கெனவே இருக்கும்.

1. ஈரத்தை எடுங்கள். கட்லெட் கல்லில் உடைந்து சிதறுகிறது என்று சொல்பவர்களுக்கு முக்கால்வாசி நேரம் காரணம் இந்த ஈரம்தான். பீன்ஸை வடிதட்டில் கொட்டி 10 நிமிடம் விடுங்கள், மசாலாவோடு இருந்தால் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், அப்புறம் சுத்தமான துணியில் பரப்பி, தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாத அளவுக்கு ஒற்றி எடுங்கள். மசாலா சேராமல் வேகவைத்த பீன்ஸ் என்றால் வடியும் கெட்டித் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சூப்பில் ஊற்றினால் நன்றாகக் கெட்டிப்படும்.

2. வெங்காயத்தை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி ஆறவிடுங்கள். பச்சையாகப் போட்டால் அது தண்ணீர் விட்டு, மேலே செய்த வேலையெல்லாம் வீண்.

3. மசியுங்கள். மிக்ஸி வேண்டாம், பசை மாதிரி ஆகிவிடும். மத்தோ முள்கரண்டியோ போதும். முக்கால் பங்கு நன்றாக மசிந்து, கால் பங்கு அரைகுறையாக நிற்கட்டும், கடிக்கும்போது அந்தத் துண்டுகள்தான் ருசி. உருளைக்கிழங்கு, வெங்காயம், தூள்கள், தழை, 3 டேபிள்ஸ்பூன் பிரெட் தூள் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்து உப்பு சேருங்கள்.

4. எலுமிச்சை அளவு உருட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டுங்கள். ஓரத்தில் பிளவு விட்டால் மாவு காய்ந்திருக்கிறது, உள்ளங்கையை நனைத்துக்கொண்டு மறுபடி தட்டுங்கள். கையில் ஒட்டினால் இன்னும் ஒரு ஸ்பூன் பிரெட் தூள். மீதித் தூளில் இரண்டு பக்கமும் புரட்டி, ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்தால் நன்றாக இறுகும்.

5. அடி தட்டையான வாணலியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் மிதமான தீயில் முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது நின்றால் எல்லாம் நிற்கும், உடைந்தால் மீதியில் இன்னும் கொஞ்சம் தூள் சேர்க்க வழி இருக்கிறது. போட்டவுடன் கிளறத் தோன்றும், கை வைக்காதீர்கள். 3, 4 நிமிடத்தில் அடியில் பொன்னிறத் தோல் பிடித்து, கரண்டியை நுழைத்தால் தானாகவே விடுபட்டு வரும், அப்போது திருப்பிப் போட்டு அடுத்த பக்கமும் அதே நேரம் விடுங்கள். உள்ளே நடுப்பகுதி வரை ஆவி பறக்கும் சூடு ஏற வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட வேண்டியதில்லை. தட்டியவற்றைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் டப்பாவில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது உருகவிடாமல் நேராக வாணலியில் போட்டு, சின்னத் தீயில் மூடிவைத்து, கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டுச் சுட்டால் போதும்.