கடலூர், பாண்டி பக்கமிருந்து பாதயாத்திரை கிளம்புகிறவர்களுக்கு: செருப்பு எது, காலை எப்படிப் பார்த்துக்கொள்வது

வேளாங்கண்ணிக்கோ வடலூருக்கோ நடந்தே போவது என்று முடிவு செய்தவர்கள் யார் யார் வருவது, எங்கே தங்குவது, வழியில் சாப்பாடு எங்கே என்று எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே பேசி முடித்துவிடுவார்கள். செருப்பை மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்குவார்கள். பாண்டியில் அதிகாலை கிளம்பினால் ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் குதிகால் எரிய ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,300 அடி வைக்கிறோம். பாண்டியிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 150 கிலோமீட்டர், அதாவது ஒவ்வொரு காலும் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை தரையில் பட்டு எழுகிறது. செருப்பில் ஒரு தையல் துருத்திக்கொண்டிருந்தால் அது தோலின் ஒரே இடத்தில் ஒரு லட்சம் தடவை தேய்க்கும்.

கொப்புளம் வருவது உரசலால் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த உரசலுக்கு ஈரமும் சூடும் துணை சேரும்போதுதான் தோல் சீக்கிரம் பிரிகிறது. நம் கடலோரத்தில் ஆகஸ்ட் கடைசியில், அதாவது 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும் சமயத்தில், காலை எட்டு மணிக்கே புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஷூவுக்குள் இருக்கும் காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் விலை, பிராண்டு எல்லாம் அப்புறம். கால் உலர்ந்திருக்க வேண்டும், செருப்புக்குள் வழுக்கி நகரக்கூடாது, இந்த இரண்டுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்தால் பாதம் வீங்கும், நீண்ட நடையில் இன்னும் வீங்கும், காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மதியம் விரலைக் கடிப்பது அதனால்தான். நடக்கும்போது போடப்போகிற அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். பெரும்பாலானோருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது, பெரிய காலுக்குப் பொருந்துவதையே எடுங்கள். எழுந்து நின்று பார்த்தால் நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். வழக்கமான சைஸைவிட அரை அல்லது ஒரு சைஸ் கூடுதலாக வரும், பரவாயில்லை. உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். சுண்டுவிரல் வெளியே பிதுங்கினால் எத்தனை அழகான ஷூவாக இருந்தாலும் வேண்டாம். லாரன்ஸ் ரோடாக இருந்தாலும் நேரு வீதியாக இருந்தாலும் கடைக்காரர் "போடப் போட லூசாயிடும் சார்" என்பார். அகலம் பற்றாத ஷூ வேளாங்கண்ணி போய்ச் சேர்வதற்குள் லூசாகாது, உங்கள் விரல்தான் அதற்கு வளைந்து கொடுக்கும்.

ஷூவா சாண்டலா என்று கேட்டால், நம் ஊர் வெயிலுக்கு இரண்டும் என்பேன். குதிகாலையும் கணுக்காலையும் பிடித்துக்கொள்ளும் பட்டை வைத்த ஸ்போர்ட்ஸ் சாண்டல் ஒன்று, காற்றுப் புகும் வலைத்துணி ஷூ ஒன்று. இரண்டும் தேய்க்கும் இடங்கள் வேறு வேறு, மதியம் மாற்றிக்கொண்டால் காலையில் உரசிய இடத்துக்கு ஓய்வு கிடைக்கும். சாண்டலில் கல் புகும், பட்டை ஓரம் அறுக்கும், அது உண்மைதான், ஆனால் கால் உலர்ந்திருக்கும். தண்ணீர் புகாத ஷூ என்று விற்பதை வாங்காதீர்கள். சாயங்கால மழை கணுக்கால் வழியாக உள்ளே இறங்கினால் அதற்கு வெளியே போக வழியே கிடையாது, மழையே இல்லாவிட்டாலும் வியர்வை உள்ளேயே தேங்கும். ஹவாய் செருப்பு தங்குமிடத்தில் குளிக்கப் போக வர மட்டும். கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் நாள் முழுக்க அதை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும், கெண்டைக்கால் வரை வலிக்கும், கட்டைவிரல் இடுக்கு புண்ணாகும். இருபது வருடமாக ஹவாயிலேயே நடப்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் காலுக்குப் பழகியது, புதிதாக நடப்பவர் பார்த்துச் செய்யக்கூடாது.

ஷூவில் கணுக்கால் அருகே, எல்லாத் துளைக்கும் மேலே, தனியாக ஒரு துளை இருக்கும், யாரும் அதைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு பக்க லேஸையும் அதே பக்கத்தில் இருக்கும் அந்தத் துளையிலேயே விட்டு ஒரு சின்ன வளையம் செய்துகொள்ளுங்கள். வலப்பக்க லேஸ் நுனியை இடப்பக்க வளையத்துக்குள்ளும், இடப்பக்க நுனியை வலப்பக்க வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்காது. முன்பக்கம் மட்டும் தளர்வாக விட்டால் விரல்களுக்கும் வீங்க இடம் இருக்கும்.

சாக்ஸ் விஷயத்தில் பருத்திதான் நல்லது என்பது ஊரறிந்த நம்பிக்கை. வேட்டிக்கும் பனியனுக்கும் சரி, நாள் முழுக்க நடக்கிற காலுக்குச் சரிவராது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே ஈரமாகவே கிடக்கும். பாலியஸ்டர், நைலான் கலந்த மெல்லிய விளையாட்டு சாக்ஸ் சீக்கிரம் காயும். விரல் நுனியில் தையல் தடிப்பாக இருந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள். மூன்று ஜோடி போதும்: காலில் ஒன்று, பைக்கு வெளியே ஊக்கு குத்தி வெயிலில் தொங்குவது ஒன்று, ராத்திரிக்கென்று தொடாமல் வைத்திருப்பது ஒன்று. கிளம்பும் முன் குதிகால், விரல் இடுக்கு, பாதத்தின் முன்மேடு எங்கும் வாஸ்லின் தாராளமாகத் தடவுங்கள். தொடை உரசுகிறவர்கள் அங்கேயும் தடவலாம். பவுடர் வேண்டுமென்றால் பவுடர் மட்டும் போடுங்கள், இரண்டும் சேர்ந்தால் கசடாகத் திரண்டு அதுவே உரசும்.

பழக்கத்துக்குப் பாண்டி கடற்கரைச் சாலை அருமையான இடம், சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த வழவழப்பான தரை செருப்பைச் சோதிக்காது. பாகூர் பக்கம் போகிற ஊர்ச் சாலைகளில் நடந்து பாருங்கள், சரளைக்கல், ஓரச்சரிவு, உடைந்த தார் எல்லாம் கிடைக்கும். யாத்திரைக்கு எடுத்துப் போகிற அதே பை, அதே எடையோடு, ஞாயிறு மட்டும் போகாமல் சனியும் ஞாயிறும் தொடர்ந்து நடங்கள், ஏனென்றால் கால் பேச ஆரம்பிப்பது இரண்டாம் நாள்தான். நகத்தை மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் சதையில் குத்தும். நீளமாக விட்டால் ஷூ நுனியில் இடித்து நகத்தடியில் ரத்தம் கட்டும்.

நடக்க ஆரம்பித்த பிறகு நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: எரியும்போதே நில்லுங்கள். கொப்புளம் எழும்புவதற்கு முன்னால் அந்த இடம் சூடாகி எரியும். கூட்டத்தை விட்டுப் பின்தங்கிவிடுவோமே என்று கூச்சப்பட்டு "அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்" என்று நடந்தால் அந்த டீக்கடை ஆலப்பாக்கத்தில் இருக்கும், அதற்குள் தண்ணீர் கோத்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, மண்ணைத் தட்டி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் துணி பிளாஸ்டரைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். வாஸ்லின் தடவிய இடத்தில் பிளாஸ்டர் நிற்காது, முதலில் நன்றாகத் துடைக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் சுருண்டு எழாது. ஐந்து நிமிட வேலை. எரிச்சல் இல்லாவிட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றிக் காலுக்குக் காற்றுக் காட்டுங்கள்.

அப்படியும் கொப்புளம் வந்துவிட்டால், சின்னதாக, வலி இல்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள், மூடி வைத்தால் போதும். பெரிதாகி, கால் ஊன்ற முடியாத இடத்தில் இருந்தால் மட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பீட்டாடின் தடவி, பிரிக்காத புது ஊசியால் ஓரத்தில், அடிப்பக்கமாகக் குத்தி மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது, அடியில் இருக்கும் பச்சைத் தோலுக்கு அதுதான் காப்பு. மேலே சுத்தமான கட்டு. சுற்றிலும் சிவப்புப் பரவினாலோ சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கடலூரில் தங்கினால் தேவனாம்பட்டினம் போய்ச் சில்லென்று கடலில் காலை நனைக்கத் தோன்றும். நனையுங்கள், ஆனால் அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்துவிட்டுத்தான் சாக்ஸ் போட வேண்டும். காய்ந்த உப்பும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள்தான்.

வெறுங்காலில் நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் ஒரு மாதம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். அதிகாலையிலும் இருட்டிய பிறகும் மட்டும் நடப்பது நல்லது. வெயில் ஏறினால் சாலை ஓர வெள்ளைக்கோடு கறுப்புத் தாரைவிடச் சூடு குறைவாக இருக்கும், பலரும் அதன்மேலேயே நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் வண்டி வருவதையும் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல முள் எங்கும் கிடக்கிறது, டி.டி. ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டுவிட்டே கிளம்புங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இதையெல்லாம் அப்படியே பின்பற்றக்கூடாது. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும், ஆணி ஏறினாலும் தெரியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். வேண்டுதலே ஆனாலும் வெறுங்கால் வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது. கிளம்பும் முன் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள், ஷூவைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், ராத்திரி செல்போன் கேமராவில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பாருங்கள், கொப்புளத்தில் நீங்களே ஊசி வைக்காதீர்கள். வெந்நீரில் கால் வைப்பதும் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும்.

மற்றவர்கள் ராத்திரி படுக்கும் முன் காலைக் கழுவித் துடைத்து, சுவரில் உயர்த்தி வைத்துக் கால் மணி நேரம் படுத்திருந்தால் வீக்கம் நன்றாகக் குறையும். தைலம் கெண்டைக்காலுக்கு மட்டும், கொப்புளத்தின் மேல் பட்டால் உயிர் போகும். மழையில் நனைந்த ஷூவுக்குள் மெத்தையை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் அதை மாற்றிப் புதிதாகத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அடுப்பு ஓரத்தில் வைத்தால் சோல் பசை விட்டுவிடும். விடியற்காலை தொட்டுப் பார்த்து இன்னும் ஈரமாக இருந்தால் அன்றைக்குச் சாண்டல்தான்.