மொசைக் சித்திரத்துக்குக் கிரவுட் இடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொசைக் செய்பவர்களில் பலர் கண்ணாடித் துண்டுகளையும் ஓட்டுச் சில்லுகளையும் வெட்டி ஒட்டுவதற்கு வாரக்கணக்கில் பொறுமை காட்டிவிட்டு, இடைவெளிகளைக் கிரவுட் என்னும் சிமெண்ட் கலவையால் அடைக்கும் வேலையை ஒரே மாலையில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். இந்தக் கலையின் இன்பமே அந்த மாலையில்தான் இருக்கிறது. சாம்பல் நிறக் கலவை பரப்பு முழுவதையும் மூடிவிட்ட நிலையில், ஈர ஸ்பாஞ்சை முதல்முறை இழுத்ததும் மயிலின் கழுத்து நீலம் மீண்டும் வெளிப்படுகிறது. அந்தக் காட்சியைச் சீக்கிரம் பார்த்துவிடும் ஆசையே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

பசை காய்வதற்கு முன்பே கிரவுட் பூசுவது முதல் தவறு. ஒரு நாள் போதும் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிக் கிடக்கும் சென்னைக் காற்றில் அந்தக் கணக்கு செல்லாது. இன்னும் ஓரிரு நாள் விடுவது நல்லது. ஓரத்துத் துண்டை நகத்தால் நெம்பிப் பார்த்து, அது அசையவில்லை என்றால் தொடங்கலாம். மரவேலைக்குப் பயன்படும் சாதாரண வெள்ளைப் பசை ஈரம் பட்டால் இளகும் என்பதால், மழைச்சாரல் அடிக்கும் பால்கனிச் சுவருக்கும் பூந்தொட்டிக்கும் சிமெண்ட் வகை டைல் பசையே ஏற்றது.

இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மணல் கலக்காத கிரவுட்டையும், அதைவிட அகலமானால் மணல் கலந்ததையும் வாங்க வேண்டும். மெருகேற்றிய பளிங்கையும் கண்ணாடியையும் மணல் கீறக்கூடும். குளியலறைத் தரைக்குக் கொத்தனார் வெறும் வெள்ளை சிமெண்ட்டைக் கரைத்து ஊற்றுவதைப் பார்த்து அதையே சித்திரத்துக்கும் பயன்படுத்துபவர்கள் உண்டு. அது காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விடும்.

வெள்ளை நிறத்தின் மீதுள்ள மோகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடர்ந்த நிறத் துண்டுகளுக்கு நடுவே வெள்ளைக் கிரவுட் இட்டால், கண் சித்திரத்தை விட்டுவிட்டுக் கோடுகளைப் பின்தொடர்கிறது. நடுத்தரச் சாம்பலோ கரும்பழுப்போ இட்டால் நிறங்கள் ஆழம் பெறுகின்றன. வெள்ளைச் சில்லுகளால் கோலம் அமைப்பவர் செங்காவி நிறக் கிரவுட் இட்டுப் பார்க்கலாம். மார்கழி வாசலே சுவரில் ஏறியதுபோல் அது நிற்கும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறிவிடுவதால், ஒரு பழைய டைலில் சிறிது பூசிக் காயவிட்டுப் பார்க்காமல் நிறத்தை முடிவு செய்யக் கூடாது.

தண்ணீரில்தான் அதிகம் கெடுகிறது. பொடியில் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் வழியாத பதத்துக்குக் குழைத்து, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு, மறுபடி கிளறிப் பூச வேண்டும். பாதி வேலையில் கலவை இறுகுகிறதே என்று மேலும் தண்ணீர் விடுபவர்கள், அது காய்ந்தபின் பொடிப்பொடியாக உதிர்வதையும் திட்டுத்திட்டாக நிறம் மாறுவதையும் பார்ப்பார்கள். கடலோரப் பகுதிகளின் உப்பேறிய போர்வெல் தண்ணீரைக் கலந்தால் பின்னாளில் வெண்மையாக உப்புப் பூக்கலாம். தேவைப்படுவது ஒரு குவளைதான், கேன் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். சிமெண்ட்டின் காரம் தோலை அரிக்கும் என்பதால் கையுறையும், பொடியைக் கொட்டும்போது முகக்கவசமும் அவசியம்.

பூசியதும் துடைத்தால் இடைவெளியிலிருந்து கலவை பெயர்ந்து வரும்; மறுநாள் துடைத்தால் பாறையாக இறுகியிருக்கும். பொதுவாக 15, 20 நிமிடம் கழித்து, கோடைக் காலமானால் அதற்கும் முன்பே, விரலில் ஒட்டாத நிலையில் துடைக்கத் தொடங்க வேண்டும். ஸ்பாஞ்சை ஒட்டப் பிழிந்திருக்க வேண்டும். மேலே படியும் வெண்படலத்தைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் உலரத் தேய்த்தாலே போய்விடும். வினிகர் ஊற்றச் சொல்லும் யோசனையைக் கேட்க வேண்டாம். அமிலம் சிமெண்ட்டையும் பளிங்கையும் கிளிஞ்சலையும் அரிக்கும். மெருகிடாத சுடுமண் துண்டுகள் கிரவுட்டின் நிறத்தை உறிஞ்சிவிடும் என்பதால், அவற்றின் மேல் மட்டும் முன்கூட்டியே சீலர் என்னும், நுண்துளைகளை அடைக்கும் பூச்சைத் தடவியிருக்க வேண்டும்.

விரைவில் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைப்பது விரிசலை வரவழைக்கும். பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு மூன்று நாள் நிழலில் மெல்ல இறுகவிட்டபின் சீலர் பூசலாம். கிரவுட் கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் அது குழாய்க்குள்ளேயே இறுகிவிடும்; அடுக்ககமானால் கீழ்வீட்டாருக்கும் பதில் சொல்ல நேரிடும். வாளியில் ஓரிரவு தெளியவைத்து, மேல்நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போட வேண்டும்.