தலைச்சுற்றலுக்கும் தள்ளாட்டத்துக்கும் தண்ணீருக்குள் பயிற்சி: முதல்முறை குளத்தில் இறங்குபவர்களுக்கு

உட்செவி நரம்பில் அழற்சி வந்து, சில நாள் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வீடே சுழன்ற கட்டம் முடிந்துவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சாலையைக் கடக்கத் தலையைத் திருப்பினால் உடம்பு ஒரு பக்கம் இழுக்கிறது, கடைத்தெருக் கூட்டத்தில் தரை நழுவுகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தே நடக்கிறார்கள். வயதாகி நடை தள்ளாடத் தொடங்கியவர்களிடமும் இதே பயத்தைப் பார்க்கிறேன்.

தலையை அசைக்காமல் இருக்க இருக்க, குணமாவதும் தள்ளிப்போகும். ஒரு காதின் சமநிலை உறுப்பு பலவீனமானால், மற்றக் காது, கண், பாதம் மூன்றிலிருந்தும் வரும் தகவலை வைத்து மூளை புதிதாகப் பழக வேண்டும். அசைந்தால்தான் அது பழகும். தரையில் அசையப் பயப்படுபவர்களுக்குத் தண்ணீர் கைகொடுக்கிறது. தொப்புள் அளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும். மார்பளவு என்றால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதைவிட முக்கியமான விஷயம், தண்ணீரில் யாரும் தொப்பென்று விழுவதில்லை. மெதுவாகச் சாய்வதால் காலை எடுத்துவைத்துச் சமாளிக்க அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில்தான் சமநிலை திரும்புகிறது.

குளத்துக்குப் போகும் முன்

முதலில் உங்களுக்கு வந்திருப்பது எந்தத் தலைச்சுற்றல் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தெரிந்துகொள்ளுங்கள். படுக்கையில் புரளும்போதும், அண்ணாந்து பரணைப் பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் உட்செவியில் உள்ள கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் மாறி, அரைவட்டக் குழாய்க்குள் புகுந்ததால் வருவது. அதற்குக் குளம் தேவையில்லை. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களை வெளியேற்றும் எப்லி முறையிலேயே பலருக்கு ஓரிரு தடவையில் சரியாகிவிடும்.

தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, வாய் கோணல், கை கால் பலவீனம், இதுவரை வராத கடும் தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவர் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. ஆறாத புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களிலும் வேண்டாம். மெனியர் நோய்க்காரர்கள் காது அடைத்துக்கொண்டு இரையத் தொடங்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. சினரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை தலைச்சுற்றலை அமுக்கி வைப்பவை. முதல் சில நாட்களுக்கு அவை தேவைப்படலாம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை பழகுவது தாமதமாகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எப்போது குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்படிப்பட்ட குளம்?

பிசியோதெரபிக்கென்றே உள்ள குளங்களில் தண்ணீரை 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக வைப்பார்கள். அது கிடைத்தால் முதல் சில தடவை அங்கேயே, பிசியோதெரபிஸ்ட் கூடவே இறங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் சாதாரண நீச்சல் குளமும் போதும், ஆனால் வெயில் ஏறித் தண்ணீரின் குளிர்ச்சி விட்ட பிறகு போங்கள். பிள்ளைகள் குதித்து விளையாடும் நேரம் வேண்டாம். தொப்புளுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஆழம், பிடித்து இறங்கக் கைப்பிடி, அகலமான படிக்கட்டு மூன்றும் இருக்க வேண்டும். செங்குத்து ஏணி மட்டுமே உள்ள குளத்தை விட்டுவிடுங்கள். கிணறு, ஆறு, கடல் மூன்றும் கூடவே கூடாது.

தலையை முக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீர் ஒரு காதுக்குள் புகுந்தாலே தலை சுற்றும். காதில் தண்ணீர் விட்டு உட்செவியைச் சோதிக்கும் பரிசோதனையே இதை வைத்துத்தான் வந்தது. அதை வகுத்த ராபர்ட் பாராணிக்கு 1914-க்கான நோபல் பரிசு கிடைத்தது. சமநிலை உறுப்பு பழுதானவர்கள் தண்ணீருக்குள் மூழ்கினால் மேல் எது, கீழ் எது என்பதே தெரியாமல் போய்விடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். அதனால் டைவ் அடிப்பதும் தனியாக இறங்குவதும் அறவே வேண்டாம்.

கூட வருபவர் மகளோ, கணவரோ, நண்பரோ, யாராக இருந்தாலும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்னால் ஒரு பக்கமாக நின்று, தேவைப்படும்போது மட்டும் இடுப்பின் இரு பக்கமும் உள்ளங்கையால் தாங்கினால் போதும்.

படி 1: இறங்குவதும் நிற்பதும்

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குளத்துக்கு முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். சுவரோரம் நின்று இரண்டு மூன்று நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். முதல்முறை இறங்கும் எல்லோரும் கீழே பார்ப்பார்கள். அடியில் உள்ள டைல்ஸ் கோடு நெளிந்து நெளிந்து அசைவதைப் பார்த்ததும் கால் கூசும், வயிற்றைப் புரட்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: "கீழே பாக்காதீங்கம்மா, எதிர்ச் சுவரைப் பாருங்க." எதிரே கடிகாரமோ அறிவிப்புப் பலகையோ இருந்தால் அதையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். மூச்சை அடக்காமல், வாயைக் குவித்து மெல்ல ஊதி விடுங்கள்.

படி 2: அலை வந்தாலும் அசையாமல்

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து 30 வினாடி நில்லுங்கள். பிறகு இரண்டு பாதத்தையும் சேர்த்து 30 வினாடி. அதன்பின் ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மற்றப் பாதத்தின் விரல்கள் தொடும்படி நேர்கோட்டில்.

இது எளிதானதும், துணைக்கு வந்தவர் உங்கள் இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையால் தண்ணீரைக் கலக்கட்டும். எந்தப் பக்கம் கலக்கப் போகிறார் என்று சொல்லக் கூடாது. சுழலும் தண்ணீர் உங்களை மெல்ல இழுக்கும். நீங்கள் கணுக்காலாலும் இடுப்பாலும் ஈடுகட்டுவீர்கள். யாரும் தொடாமல் தண்ணீரே தள்ளும் இந்த உத்தி, 1949-ல் லண்டனில் ஜேம்ஸ் மெக்மில்லன் மாற்றுத்திறனாளிச் சிறுமிகளுக்கு நீச்சல் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஹாலிவிக் முறையைச் சேர்ந்தது. இதுவும் பழகிவிட்டால் கண்ணை மூடி நில்லுங்கள். அப்போது துணைவரின் கைகள் உங்கள் இடுப்புக்கு அருகில் தயாராக இருக்க வேண்டும்.

படி 3: கண்ணும் தலையும்

எனக்கு ஒரே ஒரு பயிற்சியைத்தான் சொல்லித்தர அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரு அட்டையில் பெரிதாக ‘அ’ என்று எழுதி, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீங்கள் நிற்கும் பக்கத்துச் சுவரில் முகத்துக்கு நேராகக் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். கையெட்டும் தூரத்தில், ஒரு கையால் சுவரைத் தொட்டபடி நில்லுங்கள். கண் ‘அ’ மேலேயே இருக்க, ‘இல்லை இல்லை’ என்பதுபோலத் தலையை இடமும் வலமுமாகச் சிறிதாக ஆட்டுங்கள். 30 வினாடி போதும். எழுத்து கலங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். தெளிவாகத் தெரியும் வேகத்துக்குக் குறையுங்கள். பிறகு ‘ஆமாம்’ என்பதுபோல மேலும் கீழும்.

லேசாகத் தலை சுற்றும், சுற்றவும் வேண்டும். தலை அசையும்போது பார்வை எவ்வளவு வழுக்குகிறது என்ற பிழையை வைத்துத்தான் மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது. 1940-களில் இங்கிலாந்தில் கௌதார்ன், குக்சி என்ற இருவர், காது அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களையும் தலையில் அடிபட்டவர்களையும் படுக்க விடாமல் கண்ணையும் தலையையும் அசைக்க வைத்தார்கள். இன்றைய பயிற்சிகள் பலவும் அதன் வழிவந்தவைதான்.

எவ்வளவு சுற்றலாம் என்பதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 4 அல்லது 5 வரை போகலாம். நிறுத்திய சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வர வேண்டும். அரை மணி நேரமாகியும் அடங்கவில்லை என்றால் அன்றைக்கு அளவு கூடிவிட்டது. அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

படி 4: நடை

சுவரோரமாக முன்னோக்கி, பக்கவாட்டில், பின்னோக்கி நடங்கள். குதிகால் முதலில் ஊன்றட்டும், கைகளைத் தண்ணீருக்குள் வீசுங்கள். பிறகு நடந்துகொண்டே மூன்று அடிக்கு ஒருமுறை தலையை இடமும் வலமும் திருப்புங்கள். சாலையைக் கடக்கும்போது வேண்டியது இதுதான்.

இது பழகியதும், வேகமாக நான்கைந்து அடி வைத்துச் சட்டென்று நில்லுங்கள். நீங்கள் நின்றாலும் கூடவே வந்த தண்ணீர் நிற்காது. முதுகில் ஒரு தள்ளு தள்ளும். அதைத் தாங்கி நின்றுவிட்டால், பேருந்து பிரேக் போடும்போது நிலைகுலையாமல் இருக்க உடம்பு கற்றுக்கொள்கிறது. கடைசியாக, முழுவதுமாகத் திரும்பி எதிர்த்திசையில் நடப்பது. இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் கடினமாக இருக்கும். அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் முறை கொடுங்கள்.

படி 5: வெளியே வருவது

மிகவும் கவனம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். தண்ணீர் இவ்வளவு நேரம் உடம்பை அழுத்திப் பிடித்திருந்தது. வெளியே வந்ததும் அந்த அழுத்தம் விலகி ரத்தம் காலுக்கு இறங்கும், ரத்த அழுத்தம் குறையலாம். கூடவே முழு எடையும் திரும்பக் காலில் ஏறும். ஒவ்வொரு படியிலும் சற்று நின்று ஏறுங்கள். கரையில் நாற்காலி தயாராக இருக்கட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ரப்பர் செருப்பு போட்ட பிறகே எழுந்திருங்கள்.

எத்தனை நாள்?

வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை. முதலில் 15 நிமிடம், போகப் போக 30 நிமிடம். ஆனால் குளம் மட்டும் போதாது. தண்ணீரில் பாதத்துக்கு எடை குறைவாகத் தெரிவதால், கற்றதைத் தரையிலும் செய்தால்தான் நிலைக்கும். ‘அ’ அட்டையை வீட்டுச் சுவரிலும் ஒட்டி, தினமும் இரண்டு மூன்று வேளை தலையாட்டும் பயிற்சியைச் செய்யுங்கள். நேர்கோட்டில் நிற்பதைச் சமையல் மேடை ஓரத்தில், பிடிக்க இடம் வைத்துக்கொண்டு செய்யலாம்.

ஒவ்வொரு நாளும் போட்ட மதிப்பெண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண் இறங்கவில்லை என்றாலோ, காது கேட்பது குறைந்தாலோ, புதிதாக விழத் தொடங்கினாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.