ஈரான் குழுப் பயணம்: எங்கெல்லாம் சறுக்குகிறார்கள்

"எட்டு நாளில் ஐந்து நகரம்" என்று விளம்பரத் தாளில் கண்டால், விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு கூட்டல் கணக்குப் போடுங்கள். தெஹ்ரானிலிருந்து காஷான் சுமார் 240 கி.மீ. அங்கிருந்து இஸ்ஃபஹான் 200க்கு மேல். இஸ்ஃபஹானிலிருந்து யஸ்த் 300க்கு மேல். யஸ்திலிருந்து ஷிராஸ் 440. மொத்தம் ஏறக்குறைய 1,200 கி.மீ. சாலைகள் நல்ல சாலைகள்தான். ஆனாலும் சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் நிறுத்தி நிறுத்திப் போகும் குழு பஸ்ஸுக்குப் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாது. அதாவது, பகல் வெளிச்சம் உள்ள இரண்டு முழு நாட்கள். வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்துவிட்டால் ஐந்து நகரத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது நான்கே நாள். பாரசீக வரலாறு பார்க்கப் போகும் குழுக்கள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும். விமானம் ஏறிய பிறகு அவற்றைத் திருத்த வழியில்லை.

இந்த வழித்தடத்துக்குத் தரையில் பத்து முழு நாள் வேண்டும்: தெஹ்ரான் 1, காஷான் 1, இஸ்ஃபஹான் 3, யஸ்த் 2, ஷிராஸ் 3. நாள் குறைந்தால் ஒரு நகரத்தையே விட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் அரை நாள் கிள்ளாதீர்கள். எதை விடுவது என்றால், தயங்காமல் தெஹ்ரானை. சர்வதேச விமானங்கள் இறங்கும் இமாம் கொமேனி விமான நிலையம் நகருக்குத் தெற்கே, காஷான் போகும் பக்கம்தான் இருக்கிறது. ஊருக்குள் நுழையாமலே கிளம்பிவிடலாம்.

திரும்பும்போது இன்னொரு பொறி. ஷிராஸிலிருந்து வரும் உள்நாட்டு விமானம் தெஹ்ரானின் மேற்கே உள்ள மெஹ்ராபாத்தில் இறங்கும். வெளிநாட்டு விமானம் கிளம்புவது இமாம் கொமேனியிலிருந்து. இரண்டுக்கும் நடுவே தெஹ்ரான் போக்குவரத்தில் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. இரண்டு விமானங்களுக்கும் இடையே ஐந்தாறு மணி நேர இடைவெளி இல்லாத திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 4 முதல் அப்படி ஒரு சலுகை இருந்தது உண்மை. சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அதை 2025 நவம்பர் 22 முதல் ஈரான் நிறுத்திவைத்தது. பழைய பதிவை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். அன்றைய நிலையைத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் தமிழர்களுக்கு வேறு விதி. பிரிட்டிஷ், கனடிய, அமெரிக்க பாஸ்போர்ட் உள்ளவர்களைத் தனியாகச் சுற்ற விடுவதில்லை. முன்கூட்டி ஒப்புதல் பெற்ற திட்டப்படி, உரிமம் உள்ள வழிகாட்டியோடுதான் போக முடியும். குழு கிளம்பிய பிறகு இரண்டு நாள் தங்கி ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதெல்லாம் நடக்காது. விசா இல்லாமல் அமெரிக்கா போகும் சலுகையை அனுபவிக்கும் ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர்கள், 2011 மார்ச் 1க்குப் பிறகு ஈரானில் கால் வைத்திருந்தால் அந்தச் சலுகையை இழப்பார்கள். பிறகு அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

காப்பீடுதான் பலர் கோட்டை விடும் இடம். "போக வேண்டாம்" என்று உங்கள் அரசு அறிவித்திருக்கும் நாட்டுக்குப் பல பாலிசிகள் செல்லாது. 2025 ஜூன் போரின்போது ஈரானின் வான்வெளியே மூடப்பட்டது. அப்படி ஒன்று நடந்தால் கூடுதல் நாட்களின் ஹோட்டல் செலவும் தரைவழியாக வெளியேறும் செலவும் யார் தலையில் விழும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லும் "பார்த்துக்கொள்ளலாம்" அந்த நேரத்தில் உதவாது.

தேதியிலும் கவனம் வேண்டும். மார்ச் 20, 21 வாக்கில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கூட்டத்தைத்தான். இரண்டு வாரம் நாடே விடுமுறையில் ஊர் சுற்றும்; அறை கிடைக்காது. நல்ல காலம் ஏப்ரல் பாதியிலிருந்து மே வரை, செப்டம்பர் பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. கோடையில் யஸ்த் 40 டிகிரியைத் தாண்டும். முஹர்ரம் ஒன்பது, பத்தாம் நாட்களில் கடைத்தெருவும் அருங்காட்சியகமும் மூடியிருக்கும். இந்தத் தேதிகள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும் என்பதால் போன வருடக் காலண்டர் உதவாது. வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. இஸ்ஃபஹான் பஜார் பார்க்கும் நாள் வெள்ளியில் விழுந்தால் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

காலம் தலைகீழாக ஓடும் பாதை

தெஹ்ரானிலிருந்து தெற்கே போகப்போக வரலாறு பின்னோக்கிப் போகிறது. தெஹ்ரானின் கோலெஸ்தான் அரண்மனை கஜார்களுடையது, 19ஆம் நூற்றாண்டு. இஸ்ஃபஹான் சஃபாவியர்களின் 17ஆம் நூற்றாண்டு. யஸ்தில் இஸ்லாத்துக்கு முந்தைய ஜொராஸ்டிரிய மரபு. கடைசியில் ஷிராஸுக்குப் பக்கத்தில் 2,500 ஆண்டு பழைய அகமேனியர் தலைநகரம் பெர்செபோலிஸ். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் மூன்றாம் நாளே எல்லா அரசர்களும் ஒருவரோடு ஒருவர் கலந்துவிடுவார்கள். ஒரு சிறு தாளில் ஐந்து வரி போதும்: அகமேனியர் கி.மு. 550–330, பார்த்தியர் கி.மு. 247–கி.பி. 224, சசானியர் 224–651, சஃபாவியர் 1501–1736, கஜார்கள் 1925 வரை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பம் முகத்தில் அறையும் இடம், பெர்செபோலிஸுக்குப் பக்கத்தில் உள்ள நக்‌ஷே ருஸ்தம். செங்குத்துப் பாறையின் உயரத்தில் டாரியஸ் உள்ளிட்ட நான்கு அகமேனிய அரசர்களின் கல்லறைகள். அவற்றுக்குக் கீழே குதிரைமேல் அமர்ந்த சசானிய அரசர் ஷாப்பூர். எதிரே ரோமானியப் பேரரசர்கள், ஒருவர் மண்டியிட்டு, இன்னொருவர் கை பிடிபட்டு. ஒரே பாறை என்பதால் ஒரே காலம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். டாரியஸ் இறந்தது கி.மு. 486. ரோமானியப் பேரரசர் வலேரியன் ஷாப்பூரிடம் பிடிபட்டது கி.பி. 260. நடுவே எழுநூறு ஆண்டுகளுக்கு மேல். பழைய பேரரசின் காலடியில் தன் வெற்றியைச் செதுக்கிவைத்த சசானியரின் அரசியல் அது.

பெர்செபோலிஸுக்கு மாலை நான்கு மணிக்குப் போகாதீர்கள்

யஸ்திலிருந்து ஷிராஸுக்குப் போகிற நாளிலேயே பசர்காதே, நக்‌ஷே ருஸ்தம், பெர்செபோலிஸ் மூன்றையும் முடித்துவிடுவது நிறுவனங்களுக்கு வசதி. டீசல் மிச்சம், வழிகாட்டிச் சம்பளம் மிச்சம். நீங்கள் பெர்செபோலிஸில் இறங்கும்போது மாலையாகியிருக்கும், குழுவில் பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். வழியில் பசர்காதேயில் அகமேனியப் பேரரசை நிறுவிய சைரஸின் கல்லறையை மட்டும் பார்த்துவிட்டு நேரே ஷிராஸ் போய்த் தூங்குங்கள். மறுநாள் காலை 60 கி.மீ. திரும்பி வந்து, வாசல் திறக்கும்போதே உள்ளே நுழையுங்கள். உள்ளே நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர், குறைந்தது மூன்று மணி நேரம். உள்ளூரில் கேட்கும்போது 'தக்தே ஜம்ஷீத்' என்று கேளுங்கள். பெர்செபோலிஸ் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தெஹ்ரானின் கால்பந்து அணி.

காலை வெளிச்சம் அபதானா மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டுச் சுவரில் விழும். பெரும்பாலான குழுக்கள் பத்து நிமிடத்தில் கடந்துபோகும் அந்தச் சுவரில் முக்கால் மணி நேரம் நில்லுங்கள். கி.மு. 330இல் அலெக்ஸாண்டர் காலத்தில் எரிந்த பிறகு இடிபாட்டுக்குள் புதைந்து கிடந்ததால்தான், 1930களில் தோண்டியபோது இவ்வளவு கூர்மையாகக் கிடைத்தது. பேரரசின் 23 தேசத்தார் அரசருக்குக் காணிக்கை கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம். ஒவ்வொரு குழுவின் தலைவரையும் ஓர் அரண்மனை அதிகாரி கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். மடிப்பு மடிப்பான உயரத் தொப்பி என்றால் அதிகாரி பாரசீகர், வழவழப்பான உருண்டைத் தொப்பி என்றால் மீடியர், பாரசீகரின் அண்டை இனத்தார். விலங்கிட்டவர் ஒருவரும் இல்லை, குப்புற விழுந்தவர் ஒருவரும் இல்லை. இந்தியர்களைத் தேடுங்கள்: வெற்று மார்பு, இடுப்பில் வேட்டி, ஒருவர் தோளில் காவடி மாதிரி தண்டு, அதன் இரு முனையிலும் தொங்கும் தட்டுகளில் பைகள். உள்ளே பொன்துகள் என்கிறார்கள். பின்னால் ஒரு கழுதை. வழிகாட்டி தானாகக் காட்டமாட்டார்; கேட்டால் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

நேரம் தவறினால்

ஷிராஸின் நாஸிருல் முல்க் மசூதியைப் படத்தில் பார்த்து மயங்கியவர்களில் பலர், நண்பகலில் போய் ஒரு சாதாரண மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வண்ணக் கண்ணாடிகள் கிழக்கே பார்த்தவை. காலையில், அதுவும் சூரியன் தாழ்ந்திருக்கும் குளிர் மாதங்களில்தான் வண்ணங்கள் கம்பளத்தில் நீளமாக விழும். பத்து மணிக்கு மேல் வேலையில்லை.

இஸ்ஃபஹானில் 560 மீட்டர் நீளமுள்ள நக்‌ஷே ஜஹான் சதுக்கத்துக்கு இரண்டு முறை போங்கள், காலையில் ஒரு தடவை, விளக்கேற்றிய பிறகு ஒரு தடவை. அங்குள்ள ஷேக் லுத்ஃபுல்லா மசூதிக்குள் இருண்ட நடை ஒன்று வளைந்து போகும். சதுக்கம் ஒரு திசை, மெக்கா வேறு திசை. அந்தக் கோணலைச் சரிசெய்யவே அந்த வளைவு. வளைவு முடிந்து மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்கும் வாசலிலேயே நின்று அண்ணாந்து பாருங்கள். சாளர வெளிச்சம் குவிமாடத்தின் நடுப்புள்ளியிலிருந்து மயில்தோகைபோல இறங்கும். நேரே நடுவில் போய் நிற்பவர்களுக்கு அது தெரியாது. 33 கண் பாலத்தடியில் ஆறு ஓடும் என்றும் நம்பிக்கொண்டு போகாதீர்கள். ஜாயந்தே ரூத் ஆண்டில் பல மாதம் வறண்டே கிடக்கிறது.

இஸ்ஃபஹானில் அர்மேனியர் வாழும் ஜுல்ஃபா பகுதியின் வாங்க் தேவாலயத்தைத் திட்டத்திலிருந்து வெட்ட விடாதீர்கள். சென்னையில் சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தை 1726இல் கட்டுவித்த கோஜா பெட்ருஸ் உஸ்கான் இந்த ஜுல்ஃபாவின் அர்மேனிய வணிகர். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் கைங்கரியம்தான்.

பேச்சிலும் பையிலும்

ஈரானியரை அரபியர் என்று சொல்வது அங்கே மிக எளிதாக மனம் நோகச் செய்யும் வழி. எழுத்துதான் அரபியிலிருந்து வந்தது. மொழி வேறு குடும்பம். கடலும் பாரசீக வளைகுடாதான், 'அரபு வளைகுடா' என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். யஸ்தின் ஆலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால் எரியும் நெருப்பை, சுமார் 1,500 ஆண்டுகளாக அணையாதது என்கிறார்கள். அதை வைத்து ஜொராஸ்டிரியரை 'நெருப்பை வணங்குபவர்கள்' என்றால் அவர்களுக்குப் பிடிக்காது.

கடையிலோ டாக்ஸியிலோ எவ்வளவு என்று கேட்டால் "காபெல் நதாரே" என்பார்கள். உங்களுக்கு முன் இது ஒரு பொருட்டா என்ற மரியாதைப் பேச்சு. 'தாரோஃப்' என்று பெயர். இலவசம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால் அவர் வாயால் கேட்கமாட்டார், ஆனால் அவமானப்படுவார். இரண்டு மூன்று தடவை வற்புறுத்துங்கள், தொகை சொல்வார். வீட்டுக்கு வாருங்கள் என்ற அழைப்புக்கும் அதே கணக்கு. நன்றி சொல்ல "மெர்சி" போதும்.

வெளிநாட்டு வங்கி அட்டை எதுவும் அங்கே வேலை செய்யாது. முழுப் பயணத்துக்கும் யூரோவோ டாலரோ, கிழிசலோ கறையோ இல்லாத நோட்டுகளாகக் கொண்டு போக வேண்டும். நோட்டில் அச்சாகியிருப்பது ரியால்; வாயில் வருவது தோமான். 10 ரியால் ஒரு தோமான். கடைக்காரர் "இருநூறு" என்றால் பெரும்பாலும் இரண்டு லட்சம் தோமான், அதாவது 20 லட்சம் ரியால். நாணயத்தில் நான்கு பூஜ்யத்தை நீக்கும் ஏற்பாடும் நடப்பதால், பணம் கொடுக்கும் முன் "ரியாலா, தோமானா" என்று கேட்டுவிடுவது நல்லது.

சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சமையல்காரர் குழம்பிலிருந்து கறித்துண்டுகளை எடுத்துவிட்டு மீதியை ஊற்றுவார். கோர்மே சப்ஸி, கெய்மே இரண்டிலும் இந்த ஆபத்து உண்டு. கத்தரிக்காயில் செய்யும் கஷ்கே பாதெம்ஜான், மிர்ஸா காசெமி (இதில் முட்டை உண்டு) ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆஷே ரெஷ்தே சூப்பில் எலும்புச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். காரம் இருக்காது, பருப்புப்பொடி கொண்டு போகலாம். தூக் என்பது நம் மோர்தான், சில இடங்களில் சோடாவோடு.

உடையில், இடுப்பு தெரியும் சேலை தெருவுக்கு ஒத்துவராது. தளர்ந்த நீளச் சுடிதார் போதும். பட்டுத் துப்பட்டா தலையில் நிற்காமல் வழுக்கும். பருத்தி, கூடவே ஊக்கு. தலைமுக்காடு இல்லாத பெண்களைத் தெஹ்ரானில் பார்க்கலாம், ஆனால் சட்டம் மாறவில்லை. ஆண்களுக்கு அரைக்கால்சட்டை கூடாது.

குங்குமப்பூவில் 'சர்கோல்', 'நெகீன்' இரண்டும் சிவப்பு இழை மட்டும் உள்ள ரகங்கள். 'பூஷால்' என்றால் மஞ்சள் அடி கலந்திருக்கும். குளிர்ந்த நீரில் நான்கு இழை போட்டால் நிறம் மெதுவாக இறங்க வேண்டும், இழை சிவப்பாகவே நிற்க வேண்டும். இஸ்ஃபஹானின் 'கலம்கார்' துணியைப் பார்த்ததும் நம் கலம்காரி நினைவுக்கு வருவது தற்செயல் இல்லை. சொல்லே பாரசீகச் சொல்தான். கையால் அச்சுக்கட்டை ஒற்றியதா என்று அறிய, ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் இடங்களை ஒப்பிடுங்கள். கறுப்புக் கோட்டுக்கும் உள்ளே நிரப்பிய சிவப்புக்கும் இடையே எங்காவது ஒரு மயிரிழை விலகல் இருக்கும். எல்லாப் பூவும் அச்சுப் பிசகாமல் இருந்தால் அது இயந்திரத் துணி, பாதி விலைக்குக் கேளுங்கள்.

ஷிராஸில் கவிஞர் ஹாஃபிஸின் கல்லறைத் தோட்டத்தைத் திட்டத்தில் பிற்பகல் மூன்று மணிக்குப் போட்டிருப்பார்கள். இருட்டிய பிறகு போக வேண்டிய இடம் அது. வேலை முடிந்து ஷிராஸ்காரர்கள் வருவார்கள், கல்லின்மேல் விரல் வைத்து நின்று கவிதை சொல்வார்கள். அவருடைய கவிதைத் தொகுப்பைக் கண்மூடித் திறந்து குறி பார்ப்பவர்களும் உண்டு. இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குத் தள்ளச் சொல்லி வழிகாட்டியிடம் காலை பஸ்ஸிலேயே கேட்டுவிடுங்கள். உணவகத்துக்குச் சொல்லி மாற்ற அவருக்கும் நேரம் வேண்டும்.