கறித்தூளுக்கு விலை வைப்பதும் கடையில் காசு கேட்பதும்

யாழ்ப்பாணத்தில் வீட்டில் வறுத்து அரைக்கும் கறித்தூள் ருசி இல்லாமல் நின்றுபோவது குறைவு. விலை வைக்கும் இடத்திலும் கடையில் காசு கேட்கும் இடத்திலும்தான் தொழில் படுத்துவிடுகிறது. இரண்டுக்கும் வேர் கூச்சம். "எங்கட சனத்திட்ட இவ்வளவு கேக்கிறதோ" என்ற தயக்கம் அது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு போவதைவிட, கணக்கை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போவது பலன் தரும்.

முதலில் நிறை. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து 10 கிலோ வாங்கினால் 10 கிலோ தூள் வராது. மிளகாய்க் காம்பு, மல்லியில் கிடக்கும் கல், வறுபடும்போது போகும் ஈரம், மில்லில் ஒட்டிக்கொள்வது எல்லாம் கழியும். இங்கே 9 கிலோ என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். உங்கள் கழிவு எவ்வளவு என்பதை மூன்று தடவையாவது தராசில் நிறுத்து எழுதுங்கள். 9 கிலோ என்றால் 250 கிராம் பக்கற் 36.

இனி செலவு. கீழே உள்ள தொகைகள் கணக்குக் காட்டுவதற்கு மட்டும். உங்கள் சிட்டைகளில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். சரக்கு 8,500 ரூபா, காஸ் 600, மில் கூலி 800, பக்கற்றும் லேபிளும் 900, போக்குவரத்து 400. மொத்தம் 11,200. பக்கற் ஒன்றுக்கு 311 ரூபா வரும். பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிட்டு, "350க்குக் குடுத்தால் 39 ரூபா லாபம்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். துப்புரவாக்கி, வறுத்து, மில்லுக்குப் போய், அடைத்து முடிக்க இரண்டு நாள் போகிறதே, அதற்குக் கூலி எங்கே? நாளுக்கு 1,500 போட்டால் 3,000. உண்மையான அடக்க விலை 14,200. பக்கற் ஒன்றுக்கு ஏறத்தாழ 395. 350க்கு விற்றால் 36 பக்கற்றுக்கும் 12,600தான் வரும். உங்கள் 3,000 கூலியில் 1,600 போய்விடும். அடுப்படியில் நின்ற அம்மாவுக்கும் அக்காவுக்கும் கூலி போடாத கணக்கு, கணக்கே இல்லை.

395க்கு மேல் 20 வீதம் வைத்தால் 475. கடைக்குக் கொடுக்கும் விலை அது. கடைக்காரர் விற்பனை விலையில் 15 வீதம் கேட்டால், 475உடன் 15 வீதத்தைக் கூட்டி 550 என்று லேபிளில் அடிப்பது வழக்கமான பிழை. 550இல் 15 வீதம் 82.50, உங்கள் கைக்கு 467.50தான் வரும். 475ஐ 0.85ஆல் பிரியுங்கள்: 559, அதாவது 560 ரூபா. இதைச் சரியாகப் போட்டபிறகே லேபிள் அச்சடியுங்கள். அச்சிட்ட விலைக்கு மேலே விற்பது சட்டப்படி குற்றம், பிறகு கூட்டமுடியாது.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, தயாரித்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலை, உங்கள் பெயர் விலாசம் இருக்கவேண்டும். எந்தெந்த மொழிகளில் என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டிக் கேட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் அடியுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில்.

கடை விசயத்தில் சற்று நிதானம் வேண்டும். திருநெல்வேலி, சுன்னாகம், யாழ்ப்பாண ரவுன் என்று ஒரே கிழமையில் இருபது கடைக்குப் போடாதீர்கள். காசு சேர்க்கப் போக முடியாது. நாலு கடை, கடைக்கு ஆறு பக்கற். காபன் வைத்த சிட்டைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்தாம் நாள் போய் இருப்பை எண்ணுங்கள். "இப்ப யாவாரம் இல்லைத் தங்கச்சி, அடுத்த கிழமை பாப்பம்" என்பார் கடைக்காரர். "சரி அண்ணை, வித்த நாலுக்கு மட்டும் தாங்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். எண்ணிக் காட்டிய நாலுக்கு மறுப்புச் சொல்வது கடினம். பழைய சிட்டைக்குக் காசு வாங்காமல் புதுச் சிட்டை எழுதவே கூடாது. இதில் ஒரு தடவை இளகினால் உங்கள் முதல் அவருடைய கடையில்தான் இருக்கும்.

திருப்பி வரும் பக்கற்றுகளைப் பிரித்துப் பாருங்கள். கட்டிபட்டிருந்தால் மில்லிலிருந்து வந்த சூட்டோடு அடைத்திருக்கிறீர்கள், உள்ளே வேர்த்துவிடும். அகலத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு அடையுங்கள். வாய் ஓரத்தில் தூள் ஒட்டியிருந்தால் சீல் பிடிக்காது, துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கைத்தால் வெந்தயம் கருகியிருக்கிறது.

நேரே வாங்குபவர்களே உங்கள் பலம். பெயர், வாங்கிய திகதி, அளவு மூன்றையும் கொப்பியில் எழுதி, தூள் முடியும் காலம் பார்த்து வட்ஸ்அப்பில் கேளுங்கள். அதில் அனுப்பும் தூள் படத்திலேயே விலையைப் போடுங்கள். விலை கேட்க வெட்கப்பட்டு விலகிப்போகிறவர்கள் நிறையப்பேர்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை; ஊருக்குள் இறைச்சிக் கறித்தூள் மெதுவாகத்தான் போகும். அதே நாட்களில் கனடா, லண்டன், சுவிஸிலிருந்து வந்தவர்கள் கிலோக் கணக்கில் கேட்பார்கள். அவர்களிடம் முதலில் கேட்கவேண்டியது போகும் திகதி. அதற்கு மூன்று நாள் முன் வறுத்து, ஒரு கிலோப் பொதியாக இரட்டை உறையில் கொடுங்கள்; பெட்டிக்குள் உடுப்பில் மணக்காது. பாதிக் காசு முற்பணம். இந்தத் திருவிழாக் கால ஓடர்களைப் பார்த்து மில் மெசின் வாங்கக் கடன் எடுக்கவேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை பக்கற் போகிறது என்று பார்த்துவிட்டு அதைப்பற்றி யோசியுங்கள்.