பாதிப் பணத்தை நாங்களே திரட்டினோம்

எங்கள் மாலை நேர டியூஷன் மையம் ஒரே ஒரு நன்கொடையாளரை நம்பி ஓடியது. 2023-இல் அவர் நிறுத்திவிட்டார். அப்போதுதான் ஓர் அறக்கட்டளையின் சேலஞ்ச் கிராண்டுக்கு விண்ணப்பித்தோம். ஆறு மாதத்தில் நாங்கள் 3 லட்சம் திரட்டினால், அவர்களும் 3 லட்சம் தருவார்கள்.

விண்ணப்பமே எங்களை உலுக்கியது. மூன்று வருட ஆடிட் கணக்கு, எங்கள் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ சான்று, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்று, டிரஸ்டிகளின் தீர்மானம் எல்லாம் கேட்டார்கள். எங்களிடம் ரசீதுப் புத்தகமே ஒழுங்காக இல்லை. இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து சரிசெய்தோம். அன்றைய விதிப்படி, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடையாது. அதனால் வங்கி வழியாகவே வாங்கினோம். கொடுத்தவரின் பான் எண்ணையும் அன்றைக்கே குறித்தோம், நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித்துறைக்குத் தரும் படிவம் 10பிடியை மே 31-க்குள் தாக்கல் செய்ய அது வேண்டியிருந்ததே.

அப்புறம் பழைய மாணவர்களிடம் போனோம். "நீங்க தர்ற நூறு, இருநூறாகும்" என்றதும் தயங்கியவர்கள்கூடக் கொடுத்தார்கள். மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பி மாதம் 200 ரூபாய் என்று ஆரம்பித்தார்.

ஐந்தாம் மாதமே 3 லட்சம் தாண்டியது. எனக்கு அந்த கிராண்ட் பணத்தைவிட கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியல்தான் பெரிது. கிராண்ட் முடிந்த பிறகும் அந்தத் தம்பி அனுப்புகிறார். அவரைப் போல இன்னும் 64 பேர்.